எந்த அடிக்கும் கைகொடுக்கும் மட்டை எது? வட்டம், துளி, வைரம்: ஒரு பேடல் ஒப்பீடு

மட்டையில் விரிசல் விழுந்ததை முதலில் காதுதான் கண்டுபிடித்தது. துபாய் அல் கோஸில், கிடங்கை மாற்றிக் கட்டிய ஆடுகளம் ஒன்றில், இரவு பத்து மணிக்குப் பேடல் ஆட்டம்; கண்ணாடிச் சுவர்களுக்குள், வலைக்கு இரு பக்கமும் இருவர் இருவராக நின்று, டென்னிஸ் போல ஆடுவது. பின் கண்ணாடியை ஒட்டித் தாழ்வாக வந்த பந்தைத் தோண்டி எடுக்கும்போது மட்டையின் தலை கண்ணாடியில் உரசியது. அடுத்த பந்தில் வழக்கமான 'டப்' இல்லை. உடைந்த பானையைத் தட்டிப் பார்த்ததுபோல ஒரு சொத்தைச் சத்தம். வலையருகே நின்ற என் ஜோடி திரும்பிப் பார்த்து, "போய்விட்டது அண்ணே" என்றார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், விளிம்பில் முடியளவு ஒரு கோடு.

மறுநாள் ஒரு கடைக்குப் போனேன். "பவர் வேண்டுமா, கன்ட்ரோல் வேண்டுமா?" என்று கேட்டார்கள். இரண்டும் வேண்டும் என்றேன். சுவரில் மாட்டியிருந்தவற்றில் விலை கூடியதை எடுத்து நீட்டினார்கள். அதை வாங்காமல் திரும்பியது அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று மட்டைகளை இரவல் வாங்கி, முழு ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வரை காத்திருக்கக் கற்றவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆடுகிறவர்கள், முதல் மட்டையைத் தேய்த்துவிட்டு இரண்டாவதையோ மூன்றாவதையோ தேடுகிறவர்கள் ஆகியோருக்காக. ஆட்டத் தரத்தை எண்ணால் சொல்லும் ப்ளேடோமிக் செயலியின் கணக்கில் நான் 3.5க்கும் 4க்கும் இடையில், அதாவது நடுத்தரத்தில், ஊசலாடுகிறவன். வலக்கைக்காரன், இடப்பக்கம் ஆடுகிறவன், நாற்பதைத் தாண்டியவன். இந்த மூன்று விவரங்களும் என் தீர்ப்பை வளைத்திருக்கும். உங்கள் விவரம் வேறானால் தீர்ப்பும் வேறாகலாம்.

பேடல் மட்டைக்கு நரம்பு கிடையாது. துளையிட்ட முகம், உள்ளே நுரை, சுற்றிலும் கார்பன் சட்டம், கட்டாயமாக மணிக்கட்டுக் கயிறு. ஸ்பானியர்கள் அதைப் 'பாலா' என்பார்கள், மண்வெட்டிக்கும் அவர்களிடம் அதே சொல்தான். சர்வதேச பேடல் கூட்டமைப்பின் விதிப்படி நீளம் 45.5 செ.மீ., அகலம் 26 செ.மீ., தடிமன் 38 மி.மீ. தாண்டக் கூடாது. எடையோ பெரும்பாலும் 350 முதல் 375 கிராமுக்குள் அடங்கிவிடும். ஆக, நூறு யூரோ மட்டைக்கும் முந்நூறு யூரோ மட்டைக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் சில மில்லிமீட்டரிலும் சில கிராமிலும் நுரையின் கெட்டித்தன்மையிலும் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் ஆடிய முழங்கைக்குத் தெரியும்.

நான் எடுத்துக்கொண்ட மூன்றும் மூன்று வடிவங்களின் பிரதிநிதிகள். வட்டத்துக்கு நாக்ஸ் எம்எல்10 ப்ரோ கப். வைர வடிவத்துக்கு அடிடாஸ் மெட்டல்போன். இரண்டுக்கும் நடுவே, கண்ணீர்த்துளி வடிவத்துக்கு நாக்ஸ் ஏடி10 ஜீனியஸ். இவையேதான் வேண்டும் என்பதில்லை. வைரத்தில் புல்பேடலின் வெர்டெக்ஸ், பாபோலாட்டின் டெக்னிக்கல் வைப்பர் இருக்கின்றன. வட்டத்தில் பாபோலாட்டின் கவுன்டர் வைப்பர் இருக்கிறது. நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் வைரம். பெட்டியிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடத்திலேயே மயக்கிவிட்டது. அகலம் மேல்பக்கம் கூடியிருப்பதால் எடையும் தலைக்கு ஏறியிருக்கும், பந்தைச் சரியாக வாங்கும் ஸ்வீட் ஸ்பாட்டும் மேலே இருக்கும். கையைத் தூக்கி உச்சத்தில் அடிக்கும் ஸ்மாஷுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எதிர்த்தரப்புக் களத்தில் குத்தி, மூன்று மீட்டர் பக்கச் சுவரைத் தாண்டிப் பந்து வெளியே போனபோது நானே நின்று வேடிக்கை பார்த்தேன். அந்த அடி என் கையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அன்று முதல் செட்டிலேயே இரண்டு.

மூன்றாவது செட்டில் கதை மாறியது. பாந்தெஹா என்று ஓர் அடி உண்டு. தலைக்கு மேல் வரும் லாபை ஓங்கி அடிக்காமல், ஹோட்டல் சர்வர் தோளுயரத்தில் தட்டை ஏந்துவதுபோல மட்டையைப் பிடித்து, வெட்டி, ஆழமாக அனுப்பி, வலையோர இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கான அடி. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தட்டு என்றே பொருள். எங்கள் நிலையில் ஓர் ஆட்டத்தில் ஸ்மாஷ் ஐந்து வந்தால் பாந்தெஹா ஐம்பது வரும். எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு தோள் சோர்ந்ததும் வைரத்தின் தலை அரை நொடி பின்தங்கியது. வரிசையாக மூன்று பாந்தெஹாக்கள் வலையில் விழுந்தன. உடம்பை நோக்கி வேகமாக வந்த பந்தைத் தரையில் குத்துமுன் அடிக்கும் வாலிகளிலும் அப்படித்தான், மனம் திருப்பிய பிறகே மட்டை திரும்பியது. சுத்தியலைக் காம்போடு பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், பிறகு அதையே தலைகீழாக, இரும்பைப் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். எடை மாறவில்லை, கைக்கு மட்டும் அது வேறு பொருள்.

மட்டையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதில் என் கருத்து அன்றே மாறிவிட்டது. எல்லாரும் முதல் பத்து நிமிடத்தின் மிகச் சிறந்த அடியை வைத்து மட்டையை மதிப்பிடுகிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தின் மிக மோசமான அடியை வைத்து மதிப்பிட வேண்டும். 'எந்த அடிக்கும் கைகொடுக்கும் மட்டை' என்று விளம்பரத்தில் எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பொருள் இது ஒன்றுதான். நடுவை விட்டு இரண்டு விரல் தள்ளிப் பட்ட பந்தும் களத்துக்குள் விழ வேண்டும்.

அந்தத் தேர்வில் வட்டம் தூள் கிளப்பியது. எம்எல்10 ப்ரோ கப் ஆர்ஜென்டினாவின் மிகேல் லம்பெர்த்தி பெயரில் வருவது. ஸ்மாஷுக்குப் பேர்போன ஆட்டக்காரரின் பெயரில் வட்ட மட்டை விற்பனையாவது ஒரு வேடிக்கை. அடிக்கிற கை வலுவாக இருந்தால் மட்டை வலுவைக் கடன் கொடுக்க வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எடை கைப்பிடியை நோக்கி இறங்கியிருக்கிறது. ஸ்வீட் ஸ்பாட் நடுவில், அகலமாக இருக்கிறது. முகம் ஃபைபர்கிளாஸ் என்பதால் கார்பனைவிடச் சற்று வளைந்துகொடுக்கும். பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பிய பந்தின் கீழே மட்டையை வைத்தாலே போதும், லாப் எதிர்த்தரப்பின் பின்சுவர் வரை போய்விடுகிறது. வாலியில் அது கையின் நீட்சி. முழு ஆட்டம் முடிந்த பிறகும் முழங்கை எந்தப் புகாரும் சொல்லவில்லை.

குறையும் உண்டு. இடப்பக்கம் நிற்கிறவனிடம் ஜோடி எதிர்பார்ப்பது முடிக்கும் அடியை. நடுவில் உயரும் பந்து வலக்கைக்காரனின் முன்கைக்குத்தான் வரும். அதை ஓங்கி அடித்தால் பந்து பின்கண்ணாடியில் பட்டு, எதிராளி இடுப்புயரத்தில் சாவகாசமாக எடுக்கும்படி வந்து நிற்கிறது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஆட்டம் முழுக்க அப்படியே நடந்தால் எதிராளிகள் லாப் தூக்கவே அஞ்ச மாட்டார்கள். அஞ்சாதவர்கள் லாப் தூக்கித் தூக்கி நம்மை வலையிலிருந்து விரட்டிவிடுவார்கள்.

இங்கே நுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைகளில் தலைகீழாகச் சொல்லப்படுவது அதுதான். மட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் ஈவிஏ, ஓடும் ஷூவின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே இனத்து நுரை. மென்மையானது, கெட்டியானது என்று பல தரம் உண்டு. 'கெட்டி நுரை என்றால் பவர்' என்று சொல்லி விற்கிறார்கள். பாதி உண்மை. மெதுவாக அடிக்கும்போது மென்நுரை அமுங்கி மீண்டு பந்தைத் தானே தள்ளிவிடுகிறது. கெட்டி நுரையோ அந்த வேகத்தில் அமுங்குவதே இல்லை, பந்து செத்து விழுகிறது. வேகம் கூடக்கூட நிலைமை மாறும். ஓங்கி அடிக்கையில் மென்நுரை முழுக்க அமுங்கிப்போய் அதற்கு மேல் எதுவும் கொடுக்காது, கெட்டி நுரை அப்போதுதான் விழித்துக்கொள்ளும். ஆகவே கெட்டி மட்டையின் பவர் வேகமாகக் கைவீசத் தெரிந்தவருக்கே கிடைக்கும். எங்களைப் போன்றவர்கள் அதை வாங்கினால் ஸ்மாஷிலும் முழுப் பலன் வராது, தற்காப்பிலும் பந்து பாதி வழியில் விழும், போனஸாக முழங்கை வலியும் சேரும். டென்னிஸ் எல்போ என்ற பெயரில் டென்னிஸ் இருந்தாலும் பேடல்காரர்களுக்கும் அது நன்றாகவே வரும்.

மேல்நிலை ஆட்டக்காரர்களுக்கு இதே வாதம் எதிர்த்திசையில் ஓடுகிறது. மட்டை தானாகப் பந்தைத் தள்ளுவது அவர்களுக்குத் தொல்லை. வலையோரம் மெல்லத் தொட்டு எதிராளியின் காலடியில் போட நினைத்த பந்து அரை மீட்டர் உயர்ந்து போய்விடும். அவர்கள் கெட்டியான மட்டையைக் கேட்பது பந்து எங்கே விழும் என்ற நிச்சயத்துக்காகவும்தான்.

இனி ஏடி10 ஜீனியஸ். அகுஸ்தின் தாபியாவின் பெயர்ச் சுருக்கம் அது. அர்துரோ கோயேயோவுடன் சேர்ந்து 2023, 2024 ஆண்டு முடிவுகளில் உலகின் முதல் ஜோடியாக நின்றவர். கோயேயோ இடக்கைக்காரர் என்பதால் வலப்பக்கம் நிற்கிறார், தாபியாவுக்கு இடப்பக்கம். எதிலும் அடங்காத ஆட்டம் தாபியாவுடையது. எங்கிருந்தும் எந்த அடியையும் அடிப்பார், அவர் கையில் துளி வடிவம் இருப்பது பொருத்தம்தான். அதற்காக அவர் மட்டை நம்மை அவராக்கிவிடும் என்று நினைத்தால் அந்தப் பணத்தை உண்டியலில் போடலாம்.

முதல் நாள் இந்த மட்டை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வைரத்தைப் போல ஸ்மாஷில் சிலிர்க்க வைக்கவில்லை. வட்டத்தைப் போலத் தற்காப்பில் தாலாட்டவும் இல்லை. இரண்டாம் ஆட்டத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன்: மட்டையைப் பற்றிய நினைப்பே வரவில்லை. விளிம்போரம் பட்ட வாலி கையில் முறுக்கிக்கொள்ளவில்லை. கடைசி செட்டில் பாந்தெஹாக்கள் ஆழம் குறைந்தாலும் வலையைத் தாண்டின. விபோரா என்கிற, பாம்பு சீறுவதுபோலப் பக்கவாட்டில் வெட்டும் அடிக்குச் சொரசொரப்பான முகம் நன்றாகப் பிடிகொடுத்தது. ஸ்மாஷ் மூன்று மீட்டரைத் தாண்டவில்லைதான். ஆனால் பின்கண்ணாடியில் பட்டு எங்கள் பக்கத்துக்கே திரும்பி வரும் அளவுக்கு வேகம் இருந்தது. குறை சொல்ல வேண்டுமானால் தொடு உணர்வு சற்றுக் கெட்டி. மென்மையான மட்டையிலிருந்து வருகிறவர்களின் லாப் முதல் வாரம் குறுகித்தான் விழும், நானும் நிறைய அடி வாங்கினேன்.

இந்த மட்டை 18கே, 12கே என்று இரண்டு பதிப்புகளில் கிடைக்கிறது. கே என்ற எழுத்தைச் சுற்றி நடக்கும் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பன் துணியின் ஓர் இழைக்கற்றையில் எத்தனை ஆயிரம் நுண்ணிழைகள் என்பதுதான் அந்த எண். 3கே என்றால் மூவாயிரம். தங்கத்தின் காரட் கணக்குப்போல எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை அடுக்கு, என்ன பிசின், அடியில் எந்த நுரை என்று தெரியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து மட்டை கெட்டியா மென்மையா என்று சொல்ல முடியாது. கையில் எடுத்து அடித்துப் பார்ப்பதுதான் வழி.

எடை விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியக்காரன், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். நாக்ஸ் மட்டைகளின் மேல் 360 முதல் 375 கிராம் என்று போட்டிருக்கும். அந்தப் பதினைந்து கிராம் இடைவெளிக்குள் உங்களுக்கு எது வாய்க்கும் என்பது அதிர்ஷ்டம். அதனால் சமையலறைத் தராசைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு ஏடி10 மட்டைகள் இருந்தன. ஒன்று 373, மற்றது 364. அடுத்து, மட்டையைத் தட்டையாக ஒரு மார்க்கர் பேனாவின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, கைப்பிடியின் அடியிலிருந்து அதுவரை அளந்தேன். வட்ட மட்டைகளில் இது ஏறக்குறைய 25 செ.மீ.யிலும் வைரங்களில் 26ஐத் தாண்டியும் இருக்கும். விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அளப்பதில் அர்த்தம் இருக்கிறது. 365 கிராம் மட்டைக்குச் சமநிலைப் புள்ளி 26 செ.மீ.யில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் நடுவில், அடியிலிருந்து 6 செ.மீ. தொலைவில், 5 கிராம் ஓவர்கிரிப் (கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) ஒன்றைச் சுற்றினால் புள்ளி 25.7க்கு இறங்கிவிடும். மாறாக, தலை விளிம்பைக் காக்க 10 கிராம் டேப் ஒட்டினால் அது 44 செ.மீ. தொலைவில் உட்கார்வதால் புள்ளி 26.5க்கு ஏறிவிடும். அரை சென்டிமீட்டர்! துளி வடிவ மட்டையை வாங்கி, கீறல் விழுமே என்று டேப் ஒட்டி, நீங்களே அதைப் பாதி வைரமாக்கிவிடுகிறீர்கள். டேப்பும் ஒட்டி இரண்டு ஓவர்கிரிப்பும் சுற்றினால் புள்ளி பழையபடி 26க்கே வரும், ஆனால் மட்டை 385 கிராம் ஆகியிருக்கும். கண்ணாடியில் உரசி மட்டையை இழந்தவன் என்பதால் டேப் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெல்லிய டேப்பாக, தலையின் உச்சியில் மட்டும் ஒட்டுங்கள். அதையும் கணக்கில் சேர்த்து, எடை குறைந்த மட்டையாகப் பார்த்து வாங்குங்கள். மெட்டல்போனில் சிறு எடைகளைத் திருகி மாற்றிச் சமநிலையைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. நல்ல யோசனைதான். எடைகளையெல்லாம் கழற்றிவிட்டு ஆடியபோது எனக்கு அது கணிசமாகப் பணிந்தது. வைரத்தின் மேல் ஆசை விடாதவர்களுக்கு அது ஒரு சமரசம்.

வளைகுடாவில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஈவிஏ சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மாட்ரிட் ஜனவரியில் கல்லாக இருக்கும் மட்டை துபாய் ஜூலையில் களியாகும். கோடையில் கார் டிக்கியில் மட்டையை ஒரு பகல் விட்டுவிட்டு, மாலை ஆட்டத்தில் 'இன்று கை சரியில்லை' என்று புலம்பிய நாட்கள் எனக்கு உண்டு. இந்த ஊருக்கு மிகவும் மென்மையான நுரையைத் தவிர்ப்பது நல்லது. மட்டை அலுவலகத்துக்குள் கூடவே வரட்டும். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள், பழகிவிடும்.

விலையில் மெட்டல்போன், ஏடி10 இரண்டும் பட்டியலில் 300 யூரோவுக்கு மேல். ப்ரோ கப் அவற்றைவிட நன்றாகவே மலிவு. புது வருட மாடல் வந்ததும் பழையது சரசரவென்று இறங்கும். பல சமயங்களில் மாறியிருப்பது சாயம்தான். நான் வாங்கியதும் முந்தைய ஆண்டுச் சாயம்.

யாருக்கு எது என்றால், என் தீர்ப்பு இப்படி. வலப்பக்கம் ஆடுகிற வலக்கைக்காரர், லாபும் வாலியும் பொறுமையும்தான் ஆட்டம் என்றிருப்பவர், கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தை எடுக்கலாம். மேல்நிலைக்குப் போன பிறகும் அது சிறியதாகிவிடாது. முழங்கையில் ஏற்கெனவே வலி இருக்கிறவர்களுக்கும் அதுவே, வேறு யோசனை வேண்டாம். இடப்பக்கம் ஆடி, ஸ்மாஷை நினைத்த இடத்தில் போட முடிந்து, ஒன்றரை மணி நேரம் தோள் தாங்குகிறவருக்கு வைரமே பல்துறை மட்டை. ஸ்பெயினின் முன்னணி ஆட்டக்காரர் அலே கலான் மெட்டல்போனை வைத்துக்கொண்டு தற்காப்பு ஆடுவதைப் பார்த்தால் வைரத்தில் தற்காப்பு வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து வருகிறார், நான் எக்செல் தாளிலிருந்து வருகிறேன். இடைப்பட்டவர்களுக்கு, அதிலும் ஒரு வாரம் இடப்பக்கம் மறுவாரம் வலப்பக்கம் என்று கிடைத்த ஜோடிக்கேற்ப மாறி ஆடுகிறவர்களுக்குத் துளி. முதல் நாளே காதல் வராது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

364 கிராம் மட்டையை எடுத்துக்கொண்டேன். தலையில் மெல்லிய டேப், கைப்பிடியில் ஓர் ஓவர்கிரிப். வீட்டுத் தராசில் 376 காட்டுகிறது. என் ஜோடி வலப்பக்கக்காரர், இரவல் வந்த ப்ரோ கப்பைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் தனக்கே ஒன்று வாங்கிவிட்டார். போன வியாழன் மூன்றாவது செட்டில் எனக்கு வந்த லாபை ஓங்கி அடிக்கப் போய், கடைசி நொடியில் மனம் மாறிப் பாந்தெஹாவாக வெட்டினேன். பந்து மூலைக் கண்ணாடியில் தவழ்ந்து செத்தது. "மட்டையா, நீங்களா?" என்று கேட்டார். மட்டை என்றுதான் சொன்னேன், இன்னும் கடன் அட்டைத் தவணை மிச்சம் இருக்கிறதே.